நீ எழுதாத மன்னிப்புக் கடிதம்

அன்புள்ள ஜோயல்,

நீ புதன்கிழமை ரயிலை விட்டு இறங்குவதற்குள் இதைப் படித்துவிட வேண்டும். இன்று காலை ஆராதனையில் உன் பெயரையும் ஷீபா பெயரையும் மூன்றாவது ஞாயிறாக வாசித்து, இந்த விவாகத்துக்குத் தடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று ஆயர் கேட்டபோது, நான்காவது வரிசையிலிருந்து எழுந்து நின்றது உன் அம்மாதான். உன் கல்யாணம் நம் ஆலயத்தில் நடக்குமா என்பது இப்போது சந்தேகம். யாரும் உனக்குச் சதி செய்யவில்லை. ஷீபா வீட்டிலும் ஒரு குறையும் இல்லை. நான் செய்த ஒரு அசிங்கத்தை நானே எழுந்து சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதை உன்னிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சபைக் கமிட்டி மனமிறங்கி உன் விவாக அறிக்கையை வாசிக்கச் சம்மதித்துவிட்டது என்று ஒரு மாதம் முன்பு போனில் சொன்னேனே, அது பொய். ஒருவரும் மனமிறங்கவில்லை. எழுத மாட்டேன் என்று நீ சொன்ன மன்னிப்புக் கடிதத்தை நானே எழுதி, கீழே உன் கையெழுத்தையும் நானே போட்டுக் கொடுத்தேன்.

அன்று நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய். "பரவாயில்லம்மா, கடைசியில அவங்களும் மனுஷங்கதான்" என்றாய். சபைச் செயலருக்கு நன்றி சொல்லி செய்தி வேறு அனுப்பினாய். கர்த்தர் உங்களை உணர்த்தினார் என்று அவர் பதில் போட்டதை எனக்கு அனுப்பி, இவர் எதற்கு இப்படிச் சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்று சிரித்தாய். சம்பந்தம் இருந்தது, ஜோயல். நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்துவிட்டு, அடுப்பில் இருந்த குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தேன். அது அடிப்பிடித்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

இந்தக் கையெழுத்தோடு தொடங்கிய பழக்கம் இல்லை இது. முப்பத்தோரு வருஷம் நான் உயிரியல் பாடம் நடத்தினேன். பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் வரும்போது கலர் சாக்பீஸ் எடுத்து, மனிதனின் கை, வௌவாலின் இறக்கை, திமிங்கலத்தின் துடுப்பு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வரைவேன். ஒரே எலும்பு வரிசை, மூன்று வேலை. வரைந்து முடித்துக் கையைத் தட்டிவிட்டு, "இதைப் பரீட்சைக்கு எழுதுங்க, நம்பாதீங்க" என்பேன். நம் சபையில் அறிவியல் ஆசிரியர்கள் என்னோடு சேர்த்து நான்கு பேர். நான்கு பேரும் வகுப்பில் இதையேதான் சொல்லி வந்தோம். யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியாது. திங்களிலிருந்து வெள்ளி வரை ஒரு வாய், ஞாயிற்றுக்கிழமை ஞாயிறு பள்ளிக்கு வேறு வாய். அங்கே ஃப்ளானல் துணி போர்த்திய போர்டில், கடவுள் உலகத்தைப் படைத்த ஆறு நாளையும் ஆறு படமாக ஒட்டுவேன். இரண்டு இடத்திலும் எனக்கு நல்ல பெயர். அதிலே ஒரு சாமர்த்தியம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ என் வகுப்பிலேயே உட்கார்ந்து அந்தப் பாடத்தைக் கேட்டாய். அன்று சாயங்காலம் ஆவடி குவார்ட்டர்ஸில் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, அந்தப் பாடம் பொய்யா, இல்ல நம்பாதீங்கன்னு நீ சொன்னது பொய்யா?" என்று கேட்டாய். தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்த உன் அப்பா, நூலளவு பிசகினாலும் சாமானைத் திருப்பி அனுப்பிவிட்டு வருகிற மனுஷன், "பதில் சொல்லு டீச்சர்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். சாப்பிடும்போது என்ன பேச்சு என்று உன் தலையில் ஒரு குட்டு வைத்தேன். அதுதான் என் பதில். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார். அவர் இன்று உயிரோடு இருந்தால் இந்தக் கடிதம் எழுதும் நிலை எனக்கு வந்திருக்காது என்று சொல்லலாம். ஆனால் அவர் இருக்கும்போதும் நான் இப்படித்தான் இருந்தேன்.

இன்னொன்றையும் சொல்கிறேன், இது உனக்குத் தெரியாது. நீ ஆறாம் வகுப்பில் டெங்குவில் படுத்தாய். தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போய், உன் ஈறில் ரத்தம் கசிந்தது. உன் அப்பாவோடு வேலை பார்த்த இரண்டு பேர் ஷிஃப்டை விட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுத்தார்கள். அந்த மருத்துவமனையில் ஒரு இளம் பெண் டாக்டர், வீட்டுக்குக்கூடப் போகாமல் உன் கட்டில் பக்கத்திலேயே இருந்தாள். நானும் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். நீ பிழைத்தாய். அடுத்த ஞாயிறு, கடவுள் செய்த நன்மையைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் போனதும் வாய் தானாகவே அந்த வாக்கியத்தைச் சொன்னது: டாக்டர்கள் கைவிட்டார்கள், கர்த்தர் கைவிடவில்லை. நம் சபையில் யார் சாட்சி சொன்னாலும் இந்த வாக்கியம் வரும். எனக்கு முன்னால் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருந்தேன். சொல்லி முடித்து நிமிர்ந்தால், பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் அந்த டாக்டர் உட்கார்ந்திருக்கிறாள். அவளும் நம் சபைதான் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவள் என்னிடம் மெதுவாக, "நாங்க எப்போ டீச்சர் கைவிட்டோம்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அதற்குப் பிறகு அவளை நம் ஆலயத்தில் நான் பார்க்கவே இல்லை.

கடவுள் அன்று உன் கட்டில் அருகில் வந்தாரா என்றால், வந்தார் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். இந்த விஷயத்தில் நீயும் நானும் ஒத்துப்போக மாட்டோம். கடவுள் உலகத்தை உண்டாக்கி, அது தன் விதிப்படி நடக்கட்டும் என்று விட்டார், நடுவில் புகுந்து ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக் இல்லை அவர் என்று நீ சொல்வாய். அப்படியானால் அந்த ராத்திரிகளில் நான் யாரிடம் பேசினேன் என்று எனக்குக் கேட்கத் தோன்றும். இதைப் பற்றி நாம் சாகும்வரை சண்டை போடலாம், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் கடவுளைப் பெரிதாக்கிக் காட்டுவதற்காக, ரத்தம் கொடுத்தவர்களையும் கண் விழித்தவளையும் மேடையில் ஏறி அழித்தேன் பார், அதற்கும் விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம்? சபைக்கு அப்படிச் சொன்னால்தான் பிடிக்கும், அதனால் சொன்னேன். அல்லேலூயா என்று எல்லோரும் சத்தமிட்டபோது எனக்கு இனிக்கவும் செய்தது.

கமிட்டி மன்னிப்புக் கேட்கச் சொன்ன உன் பேச்சுக்கு வருகிறேன். புயல் நம்மை விட்டு விலகி வடக்கே போய்க் கரை ஏறிய வருஷம், நம் சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் நடந்தது. அடுத்து வந்த வாலிபர் கூட்டத்தில் செயலர் எழுந்து, நம் ஜெபத்தால் கர்த்தர் புயலைத் திருப்பி அனுப்பினார் என்று சாட்சி சொன்னார். கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்த நீ, "அது போய் இறங்கின ஊர்ல யாரும் ஜெபம் பண்ணலையா அண்ணே?" என்று கேட்டாய். அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகள் உன்னை விடவில்லை. அதற்கு முந்தின மாதம் வெளியிலிருந்து ஒருவர் வந்து, படம் போட்டு, பூமிக்கு ஆறாயிரம் வயது, பரிணாமம் பிசாசின் உபதேசம் என்று பேசிவிட்டுப் போயிருந்தார். அது உண்மையா அண்ணே என்று கேட்டார்கள். இல்லை, பரிணாமம் நடந்தது, கடவுள் அந்த வழியாகத்தான் நம்மை உண்டாக்கினார், அதனால் அவருக்கு ஒரு குறைச்சலும் இல்லை என்று நீ சொன்னாய். ஒரு வாரத்தில் உன்மேல் புகார் வந்தது.

அந்தக் கமிட்டிக் கூட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். பழைய கட்டடத்தின் பின்னறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுக்கு ஒரு சமோசா. என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். நீ சொல்ல வேண்டியதை நிதானமாகச் சொன்னாய். செயலர் என் பக்கம் திரும்பி, டீச்சர் இந்தப் பாடத்தையே நடத்தினவங்க, அவங்களே சொல்லட்டும் என்றார். எனக்கு என்ன தெரியும் என்பது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். "அது வெறும் ஒரு கொள்கைதாங்க, நிரூபிக்கப்படல" என்றேன். முப்பத்தோரு வருஷம் பரீட்சைத்தாளில் யாராவது அப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். நீ என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். மாணவனின் விடைத்தாள் வெறுமையாக இருப்பதைப் பார்க்கிற டீச்சரைப்போலப் பார்த்தாய். நான் சமோசாவைப் பிட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த மாதமே புனேவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாய். கம்பெனி அனுப்புகிறது என்று சொன்னாய். நானும் பக்கத்து ஃப்ளாட்டில் கேட்டவர்களிடம் அப்படியே சொன்னேன்.

பிறகு ஷீபா சம்பந்தம் பேசி முடிந்தது. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் இதே ஆலயத்தில்தான், அவள் அம்மாவுக்கு அங்கேதான் கல்யாணத்தை நடத்த வேண்டும் என்று ஆசை. அறிக்கை வாசிப்பதற்கு முன், ஆறு நாள் சிருஷ்டிப்பை அப்படியே நம்புவதாகவும் முன்பு பேசியதற்கு வருந்துவதாகவும் உன் கைப்பட ஒரு கடிதம் வேண்டும் என்று கமிட்டி கேட்டது. நீ முடியாது என்றாய். பதிவு அலுவலகத்தில் செய்துகொள்கிறேன், ஷீபாவுக்கும் சம்மதம்தான் என்றாய். எனக்குத்தான் சம்மதம் இல்லை. பாரிவாக்கத்தில் இந்த ஃப்ளாட்டை வாங்கி வந்த பிறகு எனக்கு இருக்கிற ஜனம் அந்தச் சபை மட்டும்தான். அவர்கள் முன்னால் என் மகன் தலை குனிந்து கல்யாணம் செய்துகொள்வதா என்று யோசித்தேன். யார் தலை குனிகிறார்கள் என்று யோசிக்கவில்லை. உன் பழைய நோட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, உன் கையெழுத்தை நான்கு தடவை பழகி, ஐந்தாவது தடவை போட்டேன். அது அவ்வளவு சுலபமாக வந்தது.

கடிதம் ஃபைலில் கிடந்துவிடும் என்று நினைத்தேன். போன வாரம் செயலர் அதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார் என்று கேள்விப்பட்டேன். சகித்துக்கொண்டேன், பார். அதையும் சகித்துக்கொண்டேன். இன்று காலை உள்ளே நுழையும்போது கையில் சபைச் செய்தி மடலைக் கொடுத்தார்கள். நடுப்பக்கத்தில் உன் போட்டோ. டை கட்டிக்கொண்டு கல்லூரியில் எடுத்தது, நான் கொடுத்ததுதான், கல்யாண வாழ்த்துக்கு என்று கேட்டு வாங்கியிருந்தார்கள். அதன் கீழே, உலக ஞானத்திலிருந்து மனந்திரும்பிய வாலிபன் என்று தலைப்புப் போட்டு, நான் எழுதிய கடிதம் முழுவதும். புயலைப் பற்றிக் கேலி செய்ததற்காகக் கண்ணீர் விட்டேன் என்று ஒரு வரி நானே சேர்த்திருந்தேன். கொஞ்சம் உருக்கமாக இருக்கட்டும் என்று. அச்சில் அதைப் படித்ததும் மடலைக் கவிழ்த்து மடியில் வைத்தேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள், உன்னிடம் கேள்வி கேட்ட அதே பிள்ளைகள், அதைப் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உன்னை இனி அவர்கள் எப்படி நினைப்பார்கள் என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது.

அதனால்தான் எழுந்தேன். தைரியத்தால் எழுந்தேன் என்று நினைக்காதே, அருவருப்பால் எழுந்தேன். விவாகத்துக்கு எனக்குத் தடை இல்லை, மடலில் வந்திருக்கிற கடிதம் என் மகன் எழுதினதில்லை, கையெழுத்தும் அவனுடையதில்லை, இரண்டும் நான் போட்டது என்றேன். பாடத்தில் நான் நடத்தினதெல்லாம் உண்மை, கமிட்டியில் நான் சொன்னதுதான் பொய் என்றும் சொன்னேன். ஷீபாவின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "உக்காருங்க டீச்சர்" என்று செயலர் சொன்னதும் இரண்டு மூன்று பேர் அதையே சொன்னார்கள். ஆயர் புத்தகத்தை மூடிவிட்டு, இந்த அறிக்கை நிறுத்தி வைக்கப்படுகிறது என்று சொல்லி அடுத்த பாட்டை அறிவித்தார். எல்லோரும் எழுந்து பாடினார்கள். நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன், பாடவில்லை.

வெளியே வரும்போது ஆலயத்தைக் கூட்டிப் பெருக்குகிற மேரி அக்கா கேட் அருகில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். திருவேற்காட்டில் பிறந்து வளர்ந்தவள், நீ சின்ன வயதில் அவள் பேச்சைப்போலப் பேசிக்காட்டி என்னிடம் திட்டு வாங்குவாய். "இன்னா டீச்சரம்மா, புள்ள கண்ணாலத்துக்கு நீயே குறுக்க நின்னுகினியே" என்றாள். பிறகு அவளே, "எனுக்கு ஆறு நாளுதான். எவன் வந்து சொன்னாலும் அத்த நான் மாத்திக்க மாட்டேன். ஆனா அந்தப் புள்ள எய்தாதத எய்துனான்னு போட்டது பாவம். நீ சொன்னதுதான் கரீட்டு" என்றாள். அவளும் நீயும் ஒரு நாளும் ஒத்துப்போகப் போவதில்லை. ஆனால் உன் கையெழுத்தை அவள் போட்டிருக்க மாட்டாள். நம் சபையில் எனக்கு மரியாதை மிச்சமிருப்பது அவள் ஒருத்திமேல்தான்.

இதோடு முடிந்திருந்தால் எழுதி முடித்திருப்பேன். மத்தியானம் ஆயர் என்னை அலுவலறைக்குக் கூப்பிட்டனுப்பினார். திட்டுவார் என்று போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் கொடுத்து, "நான் காலேஜ்ல ஸுவாலஜி படிச்சவன் டீச்சர். நீங்க சொன்னது எனக்குத் தெரியாதா?" என்றார். குருத்துவப் படிப்பிலும் அவருக்கு யாரும் ஆறு நாள் கணக்குச் சொல்லிக் கொடுக்கவில்லையாம். அவர் நினைப்பதும் ஏறக்குறைய நீ நினைப்பதுதானாம். பிறகு ஏன் அந்தக் கமிட்டியில் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். சபையைக் கலங்கடிக்க வேண்டாமே என்றார். என் வாக்கியம், ஜோயல். இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டது வேறு குரலில் என் காதில் விழுந்தது. அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் வழி சொன்னார். புதன்கிழமை நீ வந்ததும், பேசியதற்கு வருந்துகிறேன் என்று ஒரே ஒரு வரி எழுதி நீயே கையெழுத்துப் போட்டால் போதும், கமிட்டியை அவர் பார்த்துக்கொள்வாராம், கல்யாணம் குறித்த நாளில் நடக்குமாம். உள்ளுக்குள் நீ என்ன நம்புகிறாய் என்பது உனக்கும் தேவனுக்கும் நடுவில் இருக்கட்டுமாம். முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. துப்புவதற்கு எனக்கு என்ன தகுதி என்று எழுந்து வந்துவிட்டேன். ஆட்டோவில் வரும்போது, அவர் சொன்னது நல்ல வழிதானே என்று ஒரு நிமிஷம் எனக்கும் தோன்றியது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஷீபாவிடம் நான் இன்னும் பேசவில்லை, நீதான் பேச வேண்டும். உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அவளிடம் எதில் வேண்டுமானாலும் சண்டை போடு, கடவுளைப் பற்றிக்கூடப் போடு. வீட்டில் அமைதி வேண்டும் என்பதற்காக உண்மையைக் கொஞ்சம் மடித்து வைக்க மட்டும் பழகாதே. நான் அப்படி மடித்து மடித்து, கடைசியில் உன் கையெழுத்துவரை வந்துவிட்டேன்.

என்னை மன்னித்துவிடு என்று இங்கே எழுதினால் அதுவும் ஒரு உருக்கமான வரியாகிவிடும், எழுதவில்லை. உனக்காக இனி எதையும் நான் தீர்மானிக்கவும் மாட்டேன். இன்று எழுந்து நின்றதுகூட உன்னைக் கேட்காமல் செய்ததுதான். அந்த ஒரு வரியை எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். எழுதாவிட்டால் பதிவு அலுவலகத்துக்கு நீ கூப்பிட்டால் வருகிறேன், கூப்பிடாவிட்டால் வீட்டில் இருக்கிறேன். எழுதிக் கொடுத்தாலும் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன் வரிசையில் வந்து உட்காருவேன், எல்லோருக்கும் வணக்கம் சொல்வேன். ஆனால் நீ மாலையோடு திரும்பி என்னைப் பார்க்கும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன், ஜோயல். அங்கே உன் முகம் இருக்காது, என் முகம் இருக்கும்.

உன் அம்மா